யந்திரம் வந்தது, கம்மியன் எங்கே?

யந்திரத்தை விலை கொடுத்து வாங்குவது வேறு; அந்த யந்திரத்துக்கு எஜமானனாவது வேறு. யந்திரம் நின்றுபோன நாளில் அதைத் திறந்து பார்த்து, பழுது இன்னதென்று கண்டு, தன் கையாலேயே அதைச் சீர்படுத்த வல்லவன் எவனோ அவனே அதற்கு எஜமானன். அவ்வித்தை அறியாதவன் எத்தனை ஆயிரம் கொட்டிக் கொடுத்திருப்பினும் அதற்கு அடிமையே. இவ்வுண்மை நமது கரையோரக் கிராமங்களில் நாள்தோறும் மெய்ப்பட்டு வருகிறது.

தமிழ்நாட்டின் கடற்கரை 1,076 கிலோமீட்டர் நீளமுள்ளது என்றும், 14 கடலோர ஜில்லாக்களில் 608 மீனவக் கிராமங்கள் இருக்கின்றன என்றும் மீன்வளத் துறையார் கணக்குச் சொல்லுகிறார்கள். இவற்றில் துறைமுக வசதி உள்ளவை சில. வெறும் மணலில் படகை இழுத்து ஏற்றுகிறவையே பல. பாயும் துடுப்பும் ஆண்ட அவ்விடங்களில் இன்று மோட்டார் ஆளுகிறது. மோட்டார் வந்தது, ஆனால் அதைப் பழுதுபார்க்கும் கம்மியன் அதனோடு வரவில்லை. இக்குறையைப் போக்கும் வழியே நாம் இன்று எடுத்துக்கொண்ட விஷயம்.

கடலிலிருந்து வெகு தூரத்திலுள்ள சங்கரன்கோவிலில் இருந்துகொண்டு கடலைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் நகைக்கக்கூடும். அவர்களுக்கு ஒன்று நினைவூட்டுகிறோம். 2019-ம் வருஷம் நவம்பர் 22-ந் தேதி தென்காசி ஜில்லா பிறக்கும் வரையில் நமது தாலுகாவும், உவரி, கூத்தங்குழி, இடிந்தகரை, கூட்டப்புளி முதலிய கடலோரக் கிராமங்களும் ஒரே திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்தவை. 1986-ம் வருஷத்துக்கு முன்னர் தூத்துக்குடியும், மணப்பாடும், புன்னைக்காயலும்கூட அந்த ஜில்லாவுக்குள்ளேயே அடங்கியிருந்தன. சர்க்கார் கோடு கிழித்ததனால் கடல் நமக்கு அந்நியமாகிவிடாது. நமது சந்தைக்கு மீன் அனுப்புகிறவன் நம்மவன். அவன் யந்திரம் நடுக்கடலில் நின்றால் அது நம் வீட்டுக் கவலை.

முதலில் இந்த யந்திரத்தின் வரலாற்றைச் சிறிது பார்ப்போம். படகின் பின்புறத்தில் வெளியே தொங்கவிடும் மோட்டாரை நம் கரையோரத்தார் அவுட்போர்டு என்கிறார்கள். நார்வே தேசத்தில் பிறந்து, அமெரிக்காவில் மில்வாக்கி நகரில் தொழில் நடத்திய ஒலே எவின்ரூட் என்பவர் 1909-ம் வருஷத்தில் இதைப் பெருவாரியாக விற்கத் தொடங்கினார். பிற்காலத்தில் ஜப்பானியக் கம்பெனிகளான யமஹாவும் சுசுகியும் இத்தொழிலில் முன்னேறி வந்தன. நமது கரையில் பெரிதும் காணப்படுபவை அவர்களுடைய மோட்டார்களே. எவின்ரூட்டின் பெயர் தாங்கிய மோட்டாரோ, நூற்றுப் பதினோரு வருஷம் விளங்கிய பின், 2020-ல் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அந்நிய தேசத்துக் கம்பெனி ஒன்று தன் லாப நஷ்டக் கணக்கைப் பார்த்து ஒரு நாள் கதவை மூடினால், உலகத்தின் மறு மூலையில் அந்த மோட்டாரை நம்பியிருந்த மீனவன் கதி என்னாவது என்பதை வாசகர்களே யோசித்துப் பார்க்கட்டும்.

நம் நாட்டில் மீன்படகுகளுக்கு யந்திரம் பூட்டும் பெருமுயற்சி 1953-ல் கொல்லத்தை அடுத்த நீண்டகரையில், இந்திய - நார்வே திட்டத்தின் மூலம் தொடங்கியது. கட்டுமரத்துக்கும் வள்ளத்துக்கும் வெளிமோட்டார் பரவியது 1980-களில். அதே காலத்தில் கன்னியாகுமரி ஜில்லா முட்டத்தில் பெல்ஜிய தேசத்துப் பொறியாளர் பியர் ஜில்லே என்பவர், உள்ளூர் வாலிபர்களைக் கொண்டு ஒட்டுப்பலகைப் படகுகளைக் கட்டும் வேலையை நடத்தினார். பின்னர் 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி ஆழிப்பேரலை வந்தது. தர்ம ஸ்தாபனங்களும் சர்க்காரும் போட்டி போட்டுக்கொண்டு நாரிழைப் படகுகளையும் மோட்டார்களையும் வழங்கினர். சில இடங்களில் தேவைக்கு மிஞ்சியும் வழங்கினர். கொடுத்தவர்களின் கருணையை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் யானையைக் கொடுத்தவர்கள் பாகனைக் கொடுக்க மறந்தார்கள் என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

இம்மோட்டார் அப்படி என்ன தொல்லை தருகிறது என்று கேட்கலாம். நிலத்தில் ஓடும் மோட்டாருக்குப் பகை தூசி ஒன்றே. கடலில் ஓடும் மோட்டாருக்கோ உப்பு, மணல், அலை ஆகிய மூன்றும் பகை. சூட்டைத் தணிப்பதற்காக அது கடல்நீரையே உறிஞ்சி ஓடவிடுகிறது. நீரை உறிஞ்சித் தள்ளும் ரப்பர்ச் சக்கரம் உள்ளங்கை அளவுதான். அது மணலில் தேய்ந்தாலும், நீர் செல்லும் வழியில் உப்புப் படிந்து அடைத்தாலும், மோட்டார் சூடேறிப் பிஸ்டன் இறுகிவிடும். கரையேறியவுடன் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தால் இந்நஷ்டம் பெரும்பாலும் நேராது. மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டாரைப் பெட்ரோலில் கிளப்பி, சூடான பிறகே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துமுன் மறுபடியும் பெட்ரோலுக்கு மாற்றிச் சிறிது நேரம் ஓடவிட வேண்டும். இம்முறை தவறினால் பிளக்கில் கரி ஏறும். கார்புரேட்டரில் மண்ணெண்ணெய் தங்கும். மறுநாள் விடியலில் கயிற்றை இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துபோகும். கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஒரு அடையாளத்தை அறிந்தவன் சில நூறு ரூபாயில் அடைப்பு வளையத்தை மாற்றிக்கொள்வான். அறியாதவன் பல்சக்கரம் முழுவதையும் இழப்பான். இவை சிறிய விஷயங்கள். ஆனால் இச்சிறிய விஷயங்களே பெரிய கடன்களுக்கு வித்தாகின்றன.

கடனோடு போயிற்றா? இல்லை. கரையிலிருந்து பல மைல் தூரத்தில் மோட்டார் நின்றுவிட்டால், நீவாடு என்று கடலோரத்தார் சொல்லும் நீரோட்டம் படகைத் தன் போக்கில் இழுத்துச் செல்கிறது. பாயும் துடுப்பும் இப்போது பல படகுகளில் இல்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களிலும், புயல் எச்சரிக்கை வந்த வேளையிலும் இப்படி நின்றுவிட்டால் என்ன நேரும்? 2017-ம் வருஷம் நவம்பர் இறுதியில் குமரிக் கடலைக் கலக்கிய ஒக்கிப் புயல், விரைந்து கரை சேர முடியாதவர்களுக்குக் கடல் இரக்கம் காட்டாது என்பதை எத்தனையோ தாய்மார்களின் கண்ணீரால் நமக்கு எழுதிக் காட்டியது.

பாக் ஜலசந்தியில் அபாயம் இன்னொரு விதம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர்தான் தூரம். 1974-லும் 1976-லும் இரு சர்க்கார்களும் செய்துகொண்ட ஒப்பந்தங்களினால் நடுக்கடலில் எல்லை வகுக்கப்பட்டது. மோட்டார் பழுதாகி மிதந்து செல்லும் படகுக்கு அந்த எல்லை எங்கே தெரியும்? எல்லையைக் கடந்து கைதாகிற அனைவரும் மோட்டார் பழுதினால் கடந்தவர் என்று நாம் சாதிக்கவில்லை. மீனைத் தேடிக் கடந்தவர்களும் உண்டு. ஆயினும் ஆபத்தில் அகப்பட்ட கலத்தைக் குற்றவாளியாகக் கருதலாகாது என்பது உலக நாடுகள் ஒப்புக்கொண்ட தர்மம். 1982-ம் வருஷத்துக் கடற்சட்ட உடன்படிக்கை, கரைக்கடலின் வழியே செல்லும் கலம் ஆபத்தினால் நிற்க நேர்ந்தால் அதற்கு இடங்கொடுக்கிறது. கடலில் இடர்ப்பட்டவருக்கு உதவும் கடமையையும் கப்பலோட்டிகள்மீது சுமத்துகிறது. அந்தத் தர்மத்தை வற்புறுத்திக் கேட்பது நம் உரிமை. ஆனால், நம் படகின் மோட்டார் நடுக்கடலில் நில்லாதபடி பார்த்துக்கொள்வது நம் கையிலேயே உள்ள காரியம் அல்லவா? தலைநகரங்களுக்கு மகஜர் அனுப்புவதில் காட்டும் ஊக்கத்தில் நாலில் ஒரு பங்கை இதில் காட்டியிருந்தால், சில குடும்பங்களேனும் சிறை வாசலில் காத்திருக்க நேர்ந்திராது.

சர்க்கார் இவ்விஷயத்தில் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் கூற மாட்டோம். மீன்பிடி கலங்களுக்கும் பொறியியலுக்கும் பயிற்சியளிக்கும் மத்திய ஸ்தாபனம் 1963-ல் கொச்சியில் அமைக்கப்பட்டது. அதன் கிளை 1968-ல் சென்னையிலும், 1981-ல் விசாகப்பட்டினத்திலும் ஏற்பட்டன. கடற்கலக் கம்மியருக்கான இரண்டு வருஷப் படிப்பு அங்கே உண்டு. தூத்துக்குடியில் 1977-ல் மீன்வளக் கல்லூரியும், நாகப்பட்டினத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2012-ல் மீன்வளப் பல்கலைக்கழகமும் தோன்றின. இவை நாட்டுக்கு நன்மை செய்யும் ஸ்தாபனங்களே. ஆனால், இரண்டு வருஷம் பட்டணத்தில் தங்கிப் படித்துச் சான்றிதழ் பெற்ற வாலிபன், பெருங்கலங்களின் யந்திர அறைக்குப் போவானா? அல்லது கூட்டப்புளியின் மணலில் உட்கார்ந்து, பத்துக் குதிரைச் சக்தி மோட்டாரைப் பிரித்துப் போடுவானா? சம்பளம் இருக்கும் இடத்துக்கு அவன் போவது இயல்பு. அவனைக் குறை சொல்வதில் பயனில்லை. மேலிருந்து கீழே ஊற்றும் கல்வி கடைசி ஊருக்கு வந்து சேருமுன் வற்றிப்போகிறது. கிராமத்துக்கு வேண்டிய கல்வி கிராமத்திலேயே ஊற்றெடுக்க வேண்டும்.

நமது தென்பாண்டி நாட்டின் பழைய பாடம் ஒன்று இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. ஒட்டப்பிடாரத்தில் பிறந்த ஸ்ரீ வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906-ம் வருஷம் அக்டோபரில் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்ச ரூபாய். பங்கு ஒன்றுக்கு இருபத்தைந்து ரூபாய். ஆரம்பத்தில் கம்பெனிக்குச் சொந்தக் கப்பல் இல்லை; வாடகைக் கப்பலையே நம்பியிருந்தது. வெள்ளைக்காரக் கம்பெனியின் நெருக்கடியினால் வாடகைக்குக் கொடுத்தவர்கள் கையை விரித்தார்கள், வியாபாரம் நின்றது. அன்றைக்கே பிள்ளையவர்கள் தெளிந்துகொண்டார்: பிறன் கருவியை நம்பினவன் தொழில் பிறன் தயவில்தான் நடக்கும். 1907-ல் காலியா, லாவோ என்ற சொந்தக் கப்பல்கள் வந்து சேர்ந்ததை இப்பக்கத்து ஜனங்கள் திருவிழாவாகக் கொண்டாடினர். 1908 மார்ச்சில் அவரைச் சிறைப்படுத்தினார்கள். 1911-ல் கம்பெனி கலைந்தது. கப்பல்கள் போயின, பாடம் போகவில்லை. அன்று கப்பலே பிறர் கையில் இருந்தது. இன்று படகு நம்முடையது, மோட்டாருக்கு விலை கொடுத்தவன் நம்மவன். அதை ஓடவைக்கும் அறிவு மட்டும் பிறர் கையில் இருக்கிறது. இது அரைச் சுதேசியம்.

நம் சங்கரன்கோவிலின் அனுபவத்தையும் சொல்லுவோம். இவ்வூர்த் தெருக்களில் விசைத்தறி ஓசை கேட்காத நாள் குறைவு. தறியும் ஒரு யந்திரமே. அதுவும் வெளியூர்களிலிருந்து வந்ததே. ஆயினும் நாடா தெறித்தோ, கிராங்கு முறிந்தோ, பல்சக்கரம் தேய்ந்தோ தறி நின்றுவிட்டால், நெசவாளி கம்பெனிக்குக் கடிதம் எழுதிக்கொண்டு காத்திருப்பதில்லை. அடுத்த தெருவிலேயே தறி மெக்கானிக் இருக்கிறான். லேத்துப் பட்டறை இருக்கிறது. உதிரிப் பாகக் கடை இருக்கிறது. மாலைக்குள் தறி ஓடுகிறது. கூலி குறைவு, நூல் விலை ஏற்றம் என்று நெசவாளிக்குக் குறைகள் பல உண்டெனினும், யந்திரம் தெரியாததனால் பட்டினி என்ற குறை அவனுக்கு இல்லை. இந்த மெக்கானிக்குகள் எல்லோரும் எந்தக் கலாசாலையில் படித்தார்கள்? தறிக்கு அருகிலேயே, மூத்தவன் கையைப் பார்த்து, தமிழிலேயே கற்றார்கள். கருவி, குரு, உதிரிப் பாகம் ஆகிய மூன்றும் கூப்பிடு தூரத்தில் இருந்தன. வித்தை தானே வளர்ந்தது. கடலோரத்திலும் இம்மூன்றையும் கூப்பிடு தூரத்தில் வைத்தால், அங்கேயும் வித்தை வளராமல் போகுமா?

வளரும் என்பதற்குச் சாட்சியும் இருக்கிறது. 1980-ல் திருவனந்தபுரத்தில் அமைந்த தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, மோட்டார்களைத் தருவித்து விற்றதோடு நிற்காமல், கேரளக் கரையிலும் குமரிக் கரையிலும் பழுதுபார்க்கும் பட்டறைகளையும் உதிரிப் பாகங்களையும் மீனவர் கைக்கு எட்டும்படி செய்தது. விற்பனை வேறு, சேவை வேறு என்று பிரிக்காமல் இரண்டையும் மீனவர் சங்கமே ஏற்றது. இது நாம் பின்பற்றத்தக்க வழி.

ஆட்சேபங்கள் இல்லாமல் இல்லை. 'மண்ணெண்ணெய் மோட்டாரின் காலம் முடிகிறது. நான்கு வீச்சுப் பெட்ரோல் மோட்டாரும், மின்சார மோட்டாரும் வரப்போகின்றன. பழைய வித்தையை ஏன் கற்பிக்க வேண்டும்?' என்பது ஒன்று. புது மோட்டாரிலும் உப்புநீர் புகாமலா இருக்கும்? அதன் விசிறியில் வலைக்கயிறு சுற்றாமலா இருக்கும்? அன்றியும், நுட்பம் மிகுந்த யந்திரத்துக்குக் கற்றவன் தேவை மிகுமேயன்றிக் குறையாது. பழைய மோட்டாரை அறிந்தவனே புதியதை விரைவில் அறிவான். 'விற்ற கம்பெனியின் ஏஜெண்டே பார்த்துக்கொள்வார்' என்பது இரண்டாவது ஆட்சேபம். ஏஜெண்டு பட்டணத்தில் இருக்கிறார். படகு மணலில் இருக்கிறது. மோட்டாரைச் சுமந்து, பஸ்ஸுக்கும் வேனுக்கும் வாடகை கொடுத்துப் போய்த் திரும்பும் நாட்களில் அடுப்பு எரிவது எப்படி? 'மீனவர் பிள்ளைகள் இப்போது கடலுக்குப் போகவே விரும்புவதில்லை' என்பது மூன்றாவது. அதனால்தான் சொல்லுகிறோம்: கடலுக்குப் போக விரும்பாத வாலிபனும், போக முடியாத ஊனமுற்றவனும், வீட்டை விட்டு நெடுந்தூரம் செல்ல இயலாத பெண்ணும் ஊரிலேயே மரியாதையோடு பிழைக்க இத்தொழில் வழி திறக்கிறது. மீன் வியாபாரத்தில் கணக்கும் நாணயமும் காத்துவரும் நம் கரையோரத்துப் பெண்களுக்கு ஸ்பானர் பிடிக்க வராது என்று யார் சொன்னது?

ஆகவே நமது யோசனைகளைச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

முதலாவது, ஊருக்கு இருவர். 608 கிராமங்களுக்கும் 1,216 பேர் போதும். அவர்களை ஊர்க் கூட்டமோ மீனவர் கூட்டுறவுச் சங்கமோ தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்கள் அவ்வூரிலேயே வாழ்கிறவர்களாக இருக்க வேண்டும். 2020-ல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா யோஜனாவில், கடலோரக் கிராமங்களுக்கு சாகர் மித்ரா என்ற ஊழியர்கள் நியமிக்கப்படுகின்றனர். செய்தி சொல்ல ஓர் ஆள் தரும் சர்க்கார், மோட்டார் பார்க்க இருவரைத் தயார் செய்ய முடியாதா?

இரண்டாவது, கரையிலேயே பள்ளி. கீழைக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்ற விதி இருக்கிறது. அந்நாட்களில் சும்மா இருக்கும் வாலிபர்களுக்கு, மீன் ஏலக் கூடங்களிலேயே, பழைய மோட்டார்களைப் பிரித்துப் பூட்டிக் கற்பிக்கலாம். பிறகு ஒரு வருஷம் தேர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் பழக வேண்டும். 1961-ம் வருஷத்துத் தொழில் பழகுநர் சட்டத்தின் முறையில் அவர்களுக்கு மாதாந்தரப் படி கொடுக்க வேண்டும்.

மூன்றாவது, தமிழில் கல்வி. சர்க்கார் மானியத்தில் விற்கப்படும் ஒவ்வொரு மோட்டாரோடும், படங்கள் நிறைந்த தமிழ்க் கைப்புத்தகமும், உதிரிப் பாகங்களின் விலைப்பட்டியும் கொடுக்கப்பட வேண்டும். இதற்கு உடன்படாத கம்பெனியின் மோட்டாருக்கு மானியம் இல்லை என்று ஒரு வரி உத்தரவு போட்டால் போதும். அடுத்த மாதமே தமிழ்ப் புத்தகம் வந்துவிடும்.

நான்காவது, மானியத்தில் ஒரு பங்கு கருவிப் பெட்டிக்கும் உதிரிப் பாகத்துக்கும். ரப்பர்ச் சக்கரம், பிளக், அடைப்பு வளையம், விசிறி முள் ஆகிய இவற்றைக் கூட்டுறவுச் சங்கக் கடையிலேயே நியாய விலைக்கு வைத்திருக்க வேண்டும். உதிரிப் பாகம் இல்லாத கம்மியன் மருந்தில்லாத வைத்தியனே.

ஐந்தாவது, பழைய கைகளுக்கு மரியாதை. பள்ளிப் படிப்பில்லாமலே மோட்டாரின் சப்தத்தைக் கேட்டு நோயைச் சொல்லும் முதியவர்கள் பல ஊர்களில் இருக்கிறார்கள். அனுபவத்தால் கற்றவர்களைச் சோதித்துச் சான்று அளிக்கும் வழி, 2015-ல் தொடங்கிய பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனாவிலேயே இருக்கிறது. அவர்களுக்குச் சான்று அளித்து, அவர்களையே ஆசிரியர்களாக ஆக்க வேண்டும்.

இவற்றில் எதற்கும் கோடிக்கணக்கான பணமோ, புதிய மாளிகையோ வேண்டியதில்லை. சர்க்கார் மோட்டாருக்குக் கொடுக்கும் மானியத்தைக் காப்பாற்றும் செலவே இது. வேலி போட்ட செலவு பயிரைக் காப்பது போல.

தேசத் தொண்டர்களுக்கு ஒரு வார்த்தை. கொடி பிடிப்பதும் கூட்டம் போடுவதும் தொண்டுதான். ஒரு கிராமத்தில் இருவரைத் தொழில் வல்லவர்களாக்கி விடுவது அதனினும் நிலைத்த தொண்டு. நம் ஊர்த் தறி மெக்கானிக்குகளும், லேத்துப் பட்டறைக்காரர்களும், ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி ஆசிரியர்களும் வரும் கோடையில் பதினைந்து நாள் உவரிக்கோ இடிந்தகரைக்கோ சென்று கற்பிக்க முன்வருவார்களா? தண்டும் பல்சக்கரமும் அறிந்த கைக்குக் கடல் மோட்டாரின் பாஷை அந்நியமல்ல. சங்கரனையும் நாராயணனையும் ஒரே திருமேனியில் கண்டு தொழும் ஊர் இது. ஏட்டறிவும் கைத்திறனும் வேறு வேறு ஜாதி என்று எண்ணுவதும், உள்நாடும் கடற்கரையும் வேறு வேறு தேசம் என்று எண்ணுவதும் நமக்கு அடாது.

மீன்வளத் துறை மந்திரியும், கடலோரத் தொகுதிகளின் சட்டசபை அங்கத்தினர்களும் இவ்விஷயத்தை அடுத்த மானியக் கோரிக்கையின்போது எழுப்ப வேண்டும். இன்னின்ன ஊரில் இத்தனை மோட்டார் கொடுத்தோம் என்று சர்க்கார் கணக்குச் சொல்லும்போது, அங்கத்தினர்கள் எழுந்து, "அவ்வூரில் அதைப் பழுதுபார்க்கக் கற்றவர் எத்தனை பேர்?" என்று கேட்கட்டும். அக்கேள்விக்குப் பதில் கிடைக்கும் வரையில் நாமும் கேட்டுக்கொண்டே இருப்போம்.